கமெண்ட் சரியில்லை

“கமெண்ட் சரியில்லையாம். புரோகிராம்ல ஒரு குத்தம் சொல்ல முடியல, அதுக்கு மேல எழுதின விளக்கம் சரியில்லையாம்.”

ரிப்பேர்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். ரேடியோ ரிப்பேர் கடையிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வந்தவர். ஆபீசில் அவருக்கு அதுதான் பெயர்.

எந்த சிப் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு சர்க்யூட் போர்டுக்கும் ஒரு விவரக்குறிப்பு உண்டு. கம்ப்யூட்டரின் அடிப்படை புரோகிராமான கெர்னலில், சிப்புகளை ஓட்டும் டிரைவர் புரோகிராம்கள் அதைத் திறந்து, தேடி, ஒருமுறை மூட வேண்டும். மூட மறந்து எழுதியவர்கள் ஏராளம். எல்லாருக்கும் சேர்த்து அதைச் செய்ய இவர் ஃபங்ஷன் என்கிற ஒரு சின்ன புரோகிராம் துண்டை எழுதியிருந்தார்.

இன்று மாலைக்குள் அது கெர்னலில் சேர்ந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். அனுப்பும்போதே ஊர் உலகம் படிக்கிற மெயிலிங் லிஸ்டில் அதைச் சொல்லி ஒப்பாரி வைத்திருந்தார். மேனேஜரும் அந்த லிஸ்டை ஒரு வரி விடாமல் படிப்பவர்.

“யாரு, கெர்னல்ல சரிபாத்து சேக்கற கமா மேடமா?” என்றான் பக்கத்து சீட்டுக்காரன். “என்னோடதை ஒரு கமாவுக்காகவே திருப்பி அனுப்பினவங்க. பேசாம திருத்திக் குடுத்துடுங்கண்ணே.”

“நான் பேரம் பேசிப் பொழச்சவன்டா.”

மேடத்துக்குப் போன் போட்டு, அதை மேஜையில் வைத்து ஸ்பீக்கரைத் தட்டினார். கப்பும் கையுமாக மேனேஜர் வந்து நின்றார்.

“மேடம், இப்போதைக்கு சேத்துக்குங்க. கமெண்ட்டை அப்புறம் தங்கத்துலயே எழுதித் தரேன்.”

“ஸ்பீக்கர்ல பேசறீங்களா சார்?”

“ஆமா. மேனேஜரும் இங்கதான் நிக்கறாரு. நாலு பேர் கேக்கட்டும்.”



“தேடினது கிடைக்கலன்னா மூடறது யாருன்னு கமெண்ட்ல புரியல சார். அதை எழுதுங்க.”

“பாதி எழுதினா ஒத்துக்குவீங்களா?”

“முழுசா எழுதுங்க. புரோகிராமைப் பாத்து எழுதுங்க.”

போன் அடங்கியது. மேனேஜர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டார்.

“வாத்தியார் வேலைக்குப் போக வேண்டிய பொம்பள” என்று முனகியபடி, விசைப்பலகையைக் குத்தினார் ரிப்பேர்காரர். ‘தேடியது கிடைக்காவிட்டால் இந்த ஃபங்ஷனே மூடிவிடும்.’

சரிதானா என்று கீழே பார்த்தார். மூடியிருந்தது. ஃபங்ஷனை விட்டு வெளியேறும் இடத்தில் இன்னொரு முறையும் மூடியிருந்தது.

மறுபடி மேலிருந்து படித்தார்.

ஒருமுறை திறந்ததை இருமுறை மூடினால், அதையே படித்துக்கொண்டிருக்கும் இன்னொரு டிரைவரின் காலடியில் தரையை உருவின மாதிரி. மெஷின் செத்துப்போகும். இதைச் சேர்க்கச் சொல்லித்தான் அவர் இத்தனை குதி குதித்திருந்தார்.

பக்கத்து சீட்டை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, கூடுதலாக மூடிய அந்த வரியை அழித்தார். போர்டில் ஓட்டிப் பார்த்தார். அனுப்பினார். உட்கார முடியவில்லை, தண்ணீர் குடித்தார், மறுபடி குடித்தார்.

‘சேர்த்தாயிற்று’ என்று லிஸ்டில் பதில் வந்தது. மேனேஜர் கண்ணாடி அறைக்குள்ளிருந்தே கட்டைவிரலைக் காட்டினார்.

இப்போது ரிப்பேர்காரருக்குக் கொம்பு முளைத்துவிட்டது. மாடிப்படிக்குப் போய் போன் போட்டார்.

“மேடம், கோவிச்சுக்காதீங்க. கமா கமாவாத் தேடினீங்க, ரெண்டு தடவ மூடியிருந்ததைக் கோட்டை விட்டுட்டீங்களே. நான் பாத்தேனோ, நீங்க தப்பிச்சீங்களோ.”

“பாத்துட்டீங்களா? அப்பாடா. நீங்க பாக்கலன்னா நானே கூப்பிட்டிருப்பேன்.”

“அப்போ... முன்னாடியே தெரியுமா?”

“லிஸ்ட்ல எழுதினா உங்க மேனேஜர் படிப்பாரு. தனியாச் சொல்லலாம்னா, அவரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஸ்பீக்கரைப் போட்டீங்க. வேற என்ன சார் பண்றது? அந்த வரிக்கு நேர் மேல இருந்த கமெண்ட்டைத் திருத்தச் சொன்னேன்.”