கேட்டில் நிற்கும் பாப்பா

மிதுனாவுக்கு வருஷம் முழுக்க மஸ்கட்டில் அம்மா. கோடை லீவுக்கு மட்டும் பெங்களூரில் அப்பா. நேற்று அவளை விமானம் ஏற்றி அனுப்பிய கவியரசன், இன்று வீட்டைப் பூட்டிவிட்டு வைட்ஃபீல்ட் ஆபீஸுக்கு வந்திருந்தான்.

மத்தியானம் அபார்ட்மென்ட் செக்யூரிட்டி பெருமாள்சாமி போன் செய்தார்.

"சார், பாப்பா கேட்டாண்ட நிக்குது. தனியா வெளிய போகணும்னு ஒரே அழுகை. விடலாமா?"

"எந்தப் பாப்பா?"

"உங்க மிதுனாதான் சார்."

அவரை லைனில் இருக்கச் சொல்லிவிட்டு, லேப்டாப்பில் மஸ்கட்டுக்கு வீடியோ கால் போட்டான். மிதுனா சோபாவில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். போன உயிர் திரும்பி வந்தது. செக்யூரிட்டி கேட்டதை அவளிடம் சிரித்துக்கொண்டே சொன்னான்.

அவள் சிரிக்கவில்லை. சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"விடச் சொல்லாதப்பா. விட்டா அவ இங்க அம்மாகிட்ட வந்துடுவா."