வகுப்புப் படத்தில் ஒரு முகம்

வகுப்புப் படத்தில் அல்பிரட்டின் முகம் மட்டும் கலங்கிப்போயிற்று. முப்பத்தாறு பொடியன்கள். முப்பத்தைந்து முகம் தெளிவு. அவன் முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாய் ஒரு புகை.

படம் எடுக்கிற நேரம் பார்த்துத் துறைமுகத்தில் கப்பல் ஊதியது. பொடியன் திரும்பிப் பார்த்துவிட்டான். குற்றம் அவ்வளவுதான். அதற்கு வகுப்பு மாஸ்டர் குலசிங்கம் அவனை இரண்டு நாள் விறாந்தையில் முழங்காலில் விட்டார்.

“முழுப் படத்தையும் பழுதாக்கிப் போட்டியே, எருமை! சுவாமிக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?”

சுவாமி என்றால் பள்ளிக்கூடத்துத் தலைமைக் குருவானவர். அல்பிரட் இரண்டு நாளும் நின்று முடித்தான்.

அது ஐம்பத்தாறாம் ஆண்டு ஆடி மாதம்.

கார்த்திகையில், மாமனோடு இறக்கக்கண்டிக் கடலுக்குப் போனான். வாடைக்காற்றில் தோணி கவிழ்ந்தது. மாமன் நீந்திக் கரை சேர்ந்தார். பொடியன் சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

மார்கழியில் ஒருநாள் அவனுடைய தாய் அருள்மலர் பள்ளிக்கூடத்து விறாந்தையில் வந்து நின்றாள்.

“சேர், வாற வெள்ளி முப்பத்தோராம் நாள் பூசை. பிள்ளையின்ரை படம் ஒண்டு வைக்கவேணும்.”

“வீட்டிலை ஒண்டும் இல்லையோ, அம்மா?”

“எங்களுக்கேது சேர் படம்? செத்தவீடெண்டால் பெட்டியோடை வைச்சு ஒண்டு எடுப்பினம். எனக்குப் பெட்டியும் இல்லாமல் போச்சே.”

மாஸ்டர் மண்டபப் பக்கம் திரும்பினார்.

“வகுப்போடை நிண்டு எடுத்தது ஒண்டு இருக்காம். பொடியள் சொன்னாங்கள். அவன் எனக்குக் காட்டவேயில்லை, சேர்.”

படம் மண்டபச் சுவரில் தொங்கியது. மாஸ்டர் விரலால் இடத்தைக் காட்டினார்.

அருள்மலர் கிட்டப் போனாள். சீலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். பார்த்தாள். திரும்பவும் துடைத்தாள்.

“தூசி பிடிச்சிருக்கு, சேர்.”

“தூசியில்லை, அம்மா. திரும்பிப் போட்டான்.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

“ஓம்… அவனுக்கு எப்பவும் பிராக்குத்தான். குறை நினையாதேங்கோ சேர். உங்களுக்கும் எவ்வளவு கரைச்சல் தந்திட்டான்.”

மாஸ்டரால் அதற்கு மேல் நிற்க ஏலவில்லை. “வெள்ளிக்கிழமை கோயிலடிக்கு வாறன், போங்கோ,” என்றார். சைக்கிளை எடுத்தார். கடைத்தெருவுக்குப் பின்னால், வகுப்புப் படம் எடுத்த பக்கீரின் ஸ்டூடியோவில் போய்த்தான் இறங்கினார்.

“பக்கீர் நானா, அண்டைக்கு ரெண்டு பிளேட்டு எடுத்தனீங்கள். முதல் பிளேட்டு இருக்கோ?”

பக்கீர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“அதைக் கழுவச் சொன்னது நீங்கதானே, மாஸ்டர்?”

படம் பதிந்த கண்ணாடிப் பிளேட்டில் கழிக்கிறதைச் சுடுதண்ணீரில் கழுவிப் படத்தை அழித்து, வெறுங்கண்ணாடியைப் படச்சட்டத்துக்குப் போட்டுவிடுவார்கள். ஸ்டூடியோக்காரர் வழக்கம் அது.

“நான்தான் சொன்னனான். கழுவிப்போட்டீங்களோ?”

பக்கீர் உள்ளே போனார். கறுத்தக் கடதாசியில் சுற்றிய பிளேட்டோடு வந்தார்.

அந்த முதல் பிளேட்டில் அல்பிரட்டின் முகம் துலக்கமாய் இருந்தது. சுவாமியின் முகமும் சரி. முப்பத்தாறு பொடியன்களும் சரி. கண்ணை மூடிக்கொண்டிருந்தது ஒரேயொரு ஆள். குலசிங்கம் மாஸ்டர்.

‘நான் நித்திரை கொள்ளுறதையோ சுவரிலை மாட்டுறது? மற்றதை அடியுங்கோ’ என்று அன்றைக்கு இதே இடத்தில் நின்றுதான் சொன்னார். ஒரு பிளேட்டுத்தான் சரிவந்தது என்று சுவாமியிடம் போய்ச் சொன்னவரும் அவர்தான்.

“ஏன் நானா கழுவேல்லை?”

“கழுவத்தான் எடுத்தன். அந்தப் புள்ள வந்தான். முழங்கால் ரெண்டும் கண்டிப்போய்க் கெடந்திச்சு. ‘நானா, என்னாலை உங்கட படம் பழுதாப்போச்சு, மன்னிச்சுக்கொள்ளுங்கோ’ என்டான். எனக்குப் பொறுக்கல்ல, மாஸ்டர். இதைக் காட்டிட்டன்.”

மாஸ்டர் கதிரையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

“என்ன சொன்னவன்?”

“சிரிச்சான். ‘மாஸ்டர் நல்ல நித்திரை’ என்டான். பொறகு சொன்னான், ‘ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ நானா. பொடியள் கண்டால் அவருக்குப் பட்டம் வைச்சுச் சாக்கொல்லுவாங்கள். ஆனால் கழுவவும் வேண்டாம். சோதனை முடிய வந்து, அம்மாவுக்கு ஒண்டு வாங்கிக் குடுக்கிறன்’ என்டு. பொறகு வரல்ல.”

பக்கீர் பிளேட்டைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

“புள்ளைட முகத்தை மட்டும் அடிக்கட்டா?”

“அவன்ரை முகத்தைப் பெருப்பிச்சு ஒண்டு, தாய்க்கு. முழுசாய் ஒண்டு, பள்ளிக்கூடத்துச் சுவருக்கு.”

“முழுசாவா? உங்கட கண்ணு…”

“என்ரை கண்ணைப் பற்றி ஆரும் கேட்டதோ? அடியுங்கோ.”

வெள்ளிக்கிழமை, பூசைக்கு முதல் மணி அடித்தது. கோயில் வாசலில் வைத்து மாஸ்டர் படத்தைக் கொடுத்தார். அருள்மலர் கடதாசியைப் பிரித்தாள். முகத்தை விரலால் தடவினாள், கண்ணில் தொடங்கி நாடிவரைக்கும்.

“என்னைத்தான் பார்க்கிறான், சேர்.”

அவள் அழுது முடிக்கும்வரை அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். முழங்காலில் விட்டதைச் சொன்னார். தான் கண் மூடியிருந்ததற்காக இந்தப் பிளேட்டைக் கழுவச் சொன்னதையும் சொன்னார். நாலு வசனத்தில் முடிந்தது. அவள் கோபிக்கவில்லை. படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்:

“அப்ப, இதைக் கழுவவிடாமல் எனக்கெண்டு வைச்சது ஆர், சேர்?”

“அல்பிரட்.”