தார்ப்பாயின் மறுமுனை

கிளியனூர்ப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. உப்புப் பாத்திகளில் வெயில் இன்னும் கண்ணைக் கூசவைக்கிறது. எதிர்ப் பாத்தியில் சூசை, விரல்களில் துணி சுற்றிய கையால் பலகை பிடித்து, தலை நிமிராமல் உப்பை வாருகிறான். வரப்பில் குவித்த உப்பை மூட, அவன் மனைவி லூர்துமேரி தார்ப்பாயின் ஒரு முனையையும் மகள் அமலி மறுமுனையையும் பிடித்து இழுக்கிறார்கள். காற்று பாயை ஊதி ஊதித் தூக்குகிறது. லூர்துமேரி பாயின்மேல் ஒரு கல்லை வைக்கிறாள், எடுக்கிறாள், வேறிடத்தில் வைக்கிறாள். வானத்தைப் பார்க்கிறாள், மகளைப் பார்க்கிறாள். "நாளைக்கு ஹாஸ்டலுக்குப் போறவ மொகமாடி இது? பத்து நாளா எனக்குச் சோறு எறங்கல. உனக்கு ஒரு சொட்டு கண்ணீர் வருதா? அப்படியே உங்கப்பன். ரெண்டு பேருக்கும் எதுவும் ஒறைக்காது." அமலி குனிந்து, கயிற்றை முளையில் சுற்றி, நிதானமாக முடிச்சுப் போடுகிறாள். அந்த நிதானத்தைத்தான் லூர்துமேரியால் பொறுக்க முடியவில்லை. "குடு இப்படி" என்று குவியலைச் சுற்றி ஓடிவந்து கயிற்றைப் பிடுங்குகிறாள். கயிற்றோடு மகளின் கையும் வருகிறது. எல்லா விரலிலும் நகம் சதைவரை கடிபட்டிருக்கிறது. சிவந்த இடமெல்லாம் உப்புத்தூள் ஒட்டியிருக்கிறது.

"எரியலயாடி?"

"எரியுது. அப்பாகிட்டயும் கேளு. அவரு நகமும் இப்படித்தான், துணிய அவுத்துக் காட்டுவாரு."

லூர்துமேரி எதிர்ப் பாத்தியைப் பார்க்கிறாள். அவள் விட்டுவந்த முனை காற்றில் கிளம்பிப் படபடவென்று அடிக்கிறது. முதல் தூறல் உப்பின்மேல் விழுகிறது. அவள் ஓடவில்லை.