பானைக்குள் ஒரு குரல்

சவுண்ட் இன்ஜினியர் அளவு டேப்பை மடக்கினார்.

"நீளம் பத்தடி, அகலம் பத்தடி, உயரமும் பத்தடி! ஸ்டுடியோவுக்கு இதைவிட மோசமான அளவு கிடையாது, சார். மூணும் ஒண்ணா இருந்தா, ஒரே கீழ் ஸ்வரம் எல்லாச் சுவத்துலயும் மோதி வீங்கிடும். ஒரு சுவரையாவது தள்ளிக் கட்டணும்."

"சதுரமா இருந்தாத்தான் அழகுன்னு நானே கூட நின்னு கட்டினேன்" என்றார் வீட்டுக்காரர். "அப்போ இதே அறையில எடுத்து, உங்ககிட்ட கொடுத்த பழைய பதிவுல, குரல் பானைக்குள்ள பாடற மாதிரி இருக்கே, அது?"

"இந்த அறையோட வேலைதான். பாடினவங்க மேல ஒரு குத்தமும் இல்ல. அறை சேர்த்ததை மட்டும் கழிச்சிருக்கேன், கேளுங்க."

கம்ப்யூட்டரில் ஒரு பெண்குரல், வார்த்தையில்லாமல் ராகம் மட்டும், அடிவரை இறங்கி அலுங்காமல் மேலே ஏறியது. வீட்டுக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அடேங்கப்பா! இவங்க இப்போ எங்க பாடறாங்க, சார்?" என்றார் இன்ஜினியர்.

"பாடறதில்ல. பன்னிரண்டு வருஷமாச்சு. குரல் சரியில்லன்னு ஒருத்தன் சொன்னான், விட்டுட்டாங்க."

"எந்த மடையன் சார் அவன்?"

பதில் வருவதற்குள் காபித் தட்டோடு வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யாருங்க இந்தப் பொண்ணு? என்ன குரல்!" என்றாள் கணவரிடம். "இவளையாவது பாட விடுங்க. என்கிட்ட சொன்ன மாதிரி, பானைக்குள்ள பாடற மாதிரி இருக்குன்னு சொல்லி வாயை அடைச்சிடாதீங்க."

இன்ஜினியர் டேப்பை எடுத்து, அளந்த சுவரையே மறுபடியும் அளக்க ஆரம்பித்தார்.