அடியில் ஒரு புள்ளி

ஊர்க்காரர்களுக்கு ஒரு டம்ளர், காலனிக்காரர்களுக்கு ஒரு டம்ளர் என்று டீ கொடுக்கிறார் என யாரோ மனு போட்டுவிட்டார்கள். கடைக்காரர் மாடக்கண்ணு அசரவில்லை. எல்லாருக்கும் ஒரே பேப்பர் கப் என்று அறிவித்துவிட்டு, காலனிக்கென்று பாதிக் கப்புகளின் அடியில் நீலப் பேனாவால் புள்ளி வைத்து இடப்பக்கம் அடுக்கினார். புள்ளி இல்லாதவை வலப்பக்கம்.

அந்த நேரம் பார்த்து ஃபேன் காற்றில் இரண்டு அடுக்கும் சரிந்தன. அவர் அள்ளி, குத்துமதிப்பாகப் பிரித்து வைத்தார். ஒரே பாக்கெட்டில், ஒன்றுக்குள் ஒன்றாக வந்த இரண்டு கப்புகளில் ஒன்று வலப்பக்கம் போனது, மற்றது இடப்பக்கம்.

"அண்ணே, சௌக்கியமா?" என்றது இடப்பக்கத்துக் கப்.

"யாருக்கு யாருடா அண்ணன்? அடியில புள்ளிய வச்சுக்கிட்டு, வாயப் பாரு!" என்றது வலப்பக்கத்துக் கப்.

தன் அடியைத் தானே பார்க்க எந்தக் கப்பால் முடியும்? புள்ளி இருக்கும் போல என்று இடப்பக்கத்துக் கப் நம்பிவிட்டது.

மத்தியானம் இரண்டும் குப்பைக்கூடையில் கவிழ்ந்து கிடந்தன. இடப்பக்கத்துக் கப் எட்டிப் பார்த்துப் பதறிப்போனது.

"ஐயோ, புள்ளி உங்க அடியிலதாண்ணே இருக்கு!"

வலப்பக்கத்துக் கப் மற்றதன் அடியை உற்றுப் பார்த்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது.

"அதானே," என்றது. "புள்ளி வச்சவங்கதான் ஒசத்தின்னு எனக்கு அப்பவே தெரியும். தள்ளிப் படு."