ஊறிப்போன மரத்தூள்

ஜெலாப்பாங் ஊரிலுள்ள வீட்டின் பின்புறம், உச்சி வெயிலில், யுகேந்திரன் புகையடுப்பின் முன் மண்டியிட்டிருக்கிறான். தங்கை பிரமிளாவின் நிச்சயதார்த்தத்துக்கு ஆட்டுத்தொடையைத் தானே வாட்டித் தருவதாக ஒரு மாதமாக ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான். ராத்திரி மழையில் அடுப்போடு சேர்ந்த எரிபொருள் தொட்டிக்குள் தண்ணீர் இறங்கி, எரிக்கப் போட்ட மரத்தூள் உருண்டைகள் ஊறிக் கஞ்சியாகிவிட்டன. அவற்றை நெருப்புக்குத் தள்ளும் திருகு முனகி நின்றுவிட்டது. அவன் கரண்டியால் சுரண்டுகிறான். மூடிக்கடியில் இறைச்சி சிவந்தே கிடக்கிறது. வாசலில் மாப்பிள்ளை வீட்டுக் கார்க்கதவுகள் சாத்தும் சத்தம். பிரமிளா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி வருகிறாள். "இன்னும் அரைமணி நேரம்தான்லா," என்கிறான். அவள் அடுப்பைப் பார்க்கவே இல்லை. "கைய கழுவிட்டு வாங்கண்ணே, பிரியாணி வந்துருச்சு." "யாரு ஆர்டர் பண்ணது?" "நான்தான். போன வாரமே சொல்லி வச்சிட்டேன்." அவன் தலையாட்டுகிறான்; சுரண்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.