ராசியான மெஷின்

"என் ராசா! இன்னிக்கும் என்னைக் காப்பாத்திட்டே" என்று சோதனை மெஷினின் தலையில் தட்டிக் கொடுத்தாள் அவள்.

பக்கத்து சீட்டுத் தோழிக்கு வயிற்றெரிச்சல். புது சாஃப்ட்வேரை மெஷினில் ஏற்றினால், பாதியில் நின்று 'தொடரலாமா?' என்று கேட்கும். உடனே பதில் தட்டாவிட்டால் கோபித்துக்கொண்டு, ஏற்றியதையெல்லாம் அழித்துவிடும்.

"எங்க மெஷினெல்லாம் உயிரை வாங்குது. நீ பாட்டுக்கு கீழே காப்பகத்துல குழந்தைக்குப் பால் குடுத்துட்டு சாவகாசமா வர்றே. உன்னோடது மட்டும் வாயே திறக்கிறதில்லையே!"

"பெத்தவ மனசு தெரிஞ்ச மெஷின்டி!"

சிரித்தவளின் முகம், திரையைப் பார்த்ததும் சுருங்கியது.

மெஷினில் நடப்பதெல்லாம் வரிவரியாக நெட்வொர்க்கில் ஓடும். 'லாக்' என்கிற அந்தப் பதிவை யாரும் தன் இடத்திலிருந்தே பார்க்கலாம். பார்ப்பவர் யார் என்பது மூலையில் தெரியும். இன்றும் அதே ஆள்தான். ஹாலின் கோடியில் உட்காரும் சீனியர். ஆபீஸ் வைத்த பெயர் சிடுமூஞ்சி.

"நான் கீழே போய்ட்டு வந்தாலே, இவர் என் லாகைத் திறந்து வச்சிருக்கார். வேலை நிரந்தரமாகிற நேரம்டி. மேனேஜர்கிட்ட போட்டுக் குடுக்கத்தான்."

"யாரும் பார்க்க முடியாதபடி பூட்டிடேன்."

பூட்டினாள். அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் மதியம் பால் கொடுத்துவிட்டு மேலே வந்தால், மெஷின் கைவிரித்திருந்தது. காலையிலிருந்து ஏற்றியதெல்லாம் போச்சு. சாயங்காலத்துக்குள் முடித்துக் காட்டச் சொல்லியிருந்தார் மேனேஜர்.

கண்ணில் நீர் முட்டியது. "இத்தனை நாள் கேட்காத மெஷின், இன்னிக்குப் பார்த்து ஏன்டி கேட்டுது?"

"தினமும் கேட்கும்மா."

நிமிர்ந்தாள். சிடுமூஞ்சிதான். முகத்தில் அதே கடுகடுப்பு.

"சீனியருக்கு அங்கிருந்தே பதில் தட்டற வசதி இருக்கு. நீ குழந்தையைப் பார்க்கப் போறப்ப, நான் 'ஆமா'ன்னு தட்டிட்டிருந்தேன். இன்னிக்கு நெட்வொர்க்ல என்ன கோளாறோ, எவ்வளவு முட்டியும் உன் லாக் திறக்கல. தப்பா எடுத்துக்காதேம்மா. இப்ப ஓட விட்டாலும் சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்."

இத்தனை நாளும் நன்றியையெல்லாம் மெஷினுக்கே சொல்லிக்கொண்டிருந்தவள், முதல் வேலையாகப் பூட்டைத் திறந்தாள்.